வைசர் குடும்பத்தின் பதிவேடு



எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தைப் பலர் வாசிக்காமல் தாண்டிச் செல்வதுண்டு. இறையியல் கல்லூரியில் பயின்ற நாட்களில் நானும் அப்படியே தாண்டிச் சென்றவன்தான். இன்னாருடைய புத்திரர் இத்தனை பேர் என்று பெயரும் தொகையுமாக நீளும் அதிகாரம் அது. ஆனால் அதன் பிற்பகுதியில் ஒரு துயரம் ஒளிந்திருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுள் சிலரால் தங்கள் பிதாக்களின் வம்சத்தைச் சொல்ல இயலவில்லை. ஆசாரிய குலத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட சிலர் அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினர். அது அங்கே காணப்படவில்லை. ஆகவே அவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர். நாடுகடத்தப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பியவர்களுக்கு நேர்ந்தது இது.

சில மாதங்களுக்கு முன் நம் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு வந்தார். பழைய பதிவேட்டை எடுத்து விரித்தேன். அவருக்கு வேண்டிய ஆண்டின் பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரிக்க முயன்றபோது தாள் கிழிந்ததேயன்றி எழுத்து கிடைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். அந்த மௌனம் என்னை விட்டு அகலவில்லை. அதன் பின்னரே, குடும்ப வரலாற்றைத் தேடுவோர் எப்படித் தேடுகிறார்கள், சபைப் பதிவேடுகள் அவர்களுக்கு எவ்வளவு தூரம் துணைநிற்கின்றன என்று வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பில் எதிர்ப்பட்டதே இந்த ஜெர்மானியக் குடும்பத்தின் கதை. அதன் ஒரு கிளை நம் தரங்கம்பாடியை அனுப்பிய அதே ஹாலே நகரத்தோடு வந்து சேர்ந்ததைக் கண்டபோது, உங்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

கொன்ராட் வைசர் என்பவர் 1696 நவம்பர் 2 அன்று ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் நாட்டில், ஹெரன்பர்க்கை அடுத்த ஆஃப்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னாளில் அமெரிக்காவில் தம் குடும்பத்தாருக்கென எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பில் அவரே இதைத் தெரிவிக்கிறார். தமக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது பிறந்த ஊரில் அன்று, அருகிலுள்ள குப்பிங்கன் என்னும் ஊரில் என்றும், அதைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டதாகவும் எழுதுகிறார். தேடுவோருக்கு இந்தச் சிறு குறிப்பு பொன்னுக்குச் சமம். தகப்பனார் யோகான் கொன்ராட் வைசர் குதிரைப்படையில் சிறு பதவி வகித்தவர். படை தங்கும் ஊரில் குடும்பமும் தங்கும். குடும்பத்தின் பூர்வீக ஊரோ கிராஸ்ஆஸ்பாக். பூர்வீக ஊரின் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவன் இந்தப் பிள்ளையின் பெயரைக் காணாமல், அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவான். வீட்டுப் பெரியவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் ஒரு வார்த்தை, கல்வெட்டையும் காகிதத்தையும்விடச் சில வேளைகளில் அதிகமாக வழிகாட்டுகிறது.

1708ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் ஐரோப்பா கண்டிராத கொடுமையோடு வந்தது. ரைன் நதி உறைந்தது. திராட்சைக் கொடிகள் வேரோடு பட்டுப்போயின. அதற்கு முன்பே பிரெஞ்சுப் படைகள் அந்நாட்டை மீண்டும் மீண்டும் எரித்துக் கொள்ளையிட்டிருந்தன. வரிச்சுமையோ தாங்க முடியாததாயிருந்தது. இந்நிலையில் கோக்கர்தால் என்னும் லுத்தரன் போதகர் எழுதிய நூல் ஒன்று ஊர் ஊராகக் கைமாறியது. அமெரிக்காவின் கரோலினா நாட்டின் வளத்தை அது வருணித்தது. முகப்பில் இங்கிலாந்தின் ஆன் அரசியாரின் உருவமும் பொன்னெழுத்தும் இருந்தபடியால் மக்கள் அதைப் பொன் நூல் என்றே அழைத்தனர். அந்தப் போதகர் அதை எழுதியபோது அமெரிக்காவைக் கண்ணால் கண்டவரல்லர். பிரசங்க பீடத்தில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் இதைச் சற்று நின்று யோசிப்பது நல்லது. ஆயினும் அவருக்கு நியாயம் செய்யவேண்டும்: அவர் பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருந்துவிடவில்லை. 1708இலேயே ஒரு சிறு கூட்டத்தோடு நியூயார்க்குக்குச் சென்று, மறுபடியும் வந்து, பெருங்கூட்டத்தோடு திரும்பச் சென்று, அந்த மண்ணிலேயே தம் மந்தையின் நடுவில் மரித்தார்.

1709 மே மாதத்தில் வைசரின் தாயார் அன்னா மக்தலேனா மரித்தார். சில வாரங்களில் தகப்பனார் எட்டுப் பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார். மூத்த மகள் கத்தரீனாள் மணமாகித் தன் கணவரோடும் இரு குழந்தைகளோடும் ஊரிலேயே தங்கிவிட்டாள். அந்த ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 13,000 ஜெர்மானியர் லண்டனில் வந்து குவிந்தனர். அவர்களுக்கென்று பிளாக்ஹீத் வெளியில் படைக் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. அங்கே டிரிபெக்கோ, ருப்பெர்ட்டி என்னும் இரு ஜெர்மானியப் போதகர்கள் வந்து, குடும்பத்தலைவரின் பெயர், வயது, தொழில், சபைப்பிரிவு, பிள்ளைகளின் தொகை என்று பட்டியல் எடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு அப்பம் வேண்டும் என்று அறிவதற்காக எடுக்கப்பட்ட பட்டியல் அது. இன்று, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்த ஏட்டில்தான் அகப்படுகிறது. அந்தப் போதகர்கள் இதை எண்ணியிருக்கமாட்டார்கள்.

லண்டனிலிருந்து ஒரு பகுதியினர் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டனர். கத்தோலிக்கர் பலர் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 3,000 பேர் புதிய ஆளுநர் ராபர்ட் ஹன்டரோடு பத்துக் கப்பல்களில் நியூயார்க்கை நோக்கி அனுப்பப்பட்டார்கள். இங்கிலாந்தின் கடற்படைக்குக் கீல் காய்ச்சிக் கொடுப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசப்பட்ட அதே கீல்தான். மரக்கப்பல் காலத்தில் அதில்லாமல் கடற்படை இல்லை. அதைப் பெரும்பாலும் சுவீடனிடமிருந்து வாங்கவேண்டியிருந்த இங்கிலாந்து, அகதிகளின் கைகளால் அதைப் பெற எண்ணியது. கப்பல்களில் மக்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். காய்ச்சல் பரவிற்று. 400க்கும் மேற்பட்டோர் வழியிலேயே மரித்தனர். 1710 கோடையில் கரைசேர்ந்த பின்னும் சாவு நிற்கவில்லை.

தந்தை தாயை இழந்த பிள்ளைகளையும், பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகள் சிலரையும்கூட ஆளுநர் வெவ்வேறு வீடுகளில் வேலை பழகும்படி ஒப்புக்கொடுத்தார். கடலில் தகப்பனை இழந்த பீட்டர் செங்கர் என்னும் சிறுவன் அப்படி ஓர் அச்சகத்தாரிடம் சேர்க்கப்பட்டான். 1735இல் பத்திரிகைச் சுதந்திரத்திற்கான புகழ்பெற்ற வழக்கில் நின்று விடுதலை பெற்ற செங்கர் அவனே. வைசரின் தம்பிமார் இருவரும் இவ்வாறே பிரிக்கப்பட்டு லாங் ஐலண்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய தகப்பன் உயிரோடு, அதே நாட்டில்தான் இருந்தார்.

கீல் காய்ச்சும் திட்டம் தோற்றது. ஹட்சன் நதிக்கரையில் இருந்த பைன் மரங்கள் அதற்கேற்ற இனமல்ல, மக்களுக்கும் மனமில்லை, லண்டனிலிருந்து வரவேண்டிய பணமும் நின்றது. 1712 இலையுதிர் காலத்தில், இனி உணவு கொடுக்க இயலாது, உங்கள் பிழைப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆளுநர் அறிவித்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் யாருக்கு எத்தனை பங்கு உணவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஹன்டரின் படிக்கணக்கு என்று ஆய்வாளர் சொல்லும் அந்த ஏட்டில், ஒரு குடும்பத்தில் திடீரென ஒரு பங்கு குறைந்தால், அங்கே ஒரு மரணம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று பொருள். ஒரு பங்கு கூடினால் ஒரு பிறப்போ திருமணமோ. அப்பக் கணக்கிலிருந்து ஒரு வீட்டின் அழுகையையும் சிரிப்பையும் வாசித்தெடுக்கிறார்கள். ஹென்றி ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் இந்த ஏட்டில் உள்ள 847 குடும்பங்களையும் எடுத்துக்கொண்டு, ஜெர்மனியின் கிராமப் பதிவேடுகளில் அவர்களைத் தேடி, 1985இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். ஒரே ஊரார் சேர்ந்தே பயணம் செய்வர் என்பதே அவருக்கு வழிகாட்டியது. ஒருவருடைய ஊர் தெரிந்தால், பட்டியலில் அவருக்கு அடுத்து நிற்பவரை அக்கம்பக்கத்து ஊர்களில் தேடலாம்.

தேடலில் இடறல்களும் உண்டு. ஜெர்மானியர் பிள்ளைக்கு இரண்டு பெயர் சூட்டுவர்; வீட்டில் வழங்குவது இரண்டாம் பெயர். ஆகவே ஒரே வீட்டில் பல யோகான்கள் இருப்பர். தகப்பனும் மகனும் யோகான் கொன்ராட் என்றே இருப்பர். இங்கிலாந்தின் ஆளுகையில் 1752 வரை பழைய நாட்காட்டியே வழங்கியது. அதனால் பல ஜெர்மானிய ஊர்களின் தேதிக்கும் அமெரிக்கத் தேதிக்கும் 11 நாள் வேறுபாடு. ஆங்கிலேயர் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முல்லர் மில்லர் ஆனார். தச்சர் என்று பொருள்படும் சிம்மர்மான் கார்ப்பெண்டர் ஆனார். ஸ்வார்ட்ஸ் பிளாக் ஆனார். நம் ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு வராமல் பென்சில்வேனியாவுக்குப் போயிருந்தால் அவர் வழிவந்தோர் பிளாக் என்று அழைக்கப்பட்டிருக்கலாம். அவர் மணம் செய்யாதவர் என்பது வேறு.

கதைக்குத் திரும்புவோம். 1712 இறுதியில், 16 வயதான கொன்ராடைத் தகப்பனார் மோகாக் இனத்தாரிடம் அனுப்பினார். அவர்களோடு வாழ்ந்து மொழி கற்றுவரவேண்டும். அந்தக் குளிர்காலத்தில் பையன் பட்ட குளிரும் பசியும் பயமும் அவருடைய குறிப்பில் பதிந்துள்ளன. மோகாக்குகளே பசியால் வாடிய ஆண்டு அது. மாதங்கள் கழித்து அவர் மோகாக் மொழி பேசுகிறவராகத் திரும்பினார். பிற்காலத்தில் பென்சில்வேனியா அரசுக்கும் இரோகுவாய் இனங்களுக்கும் நடுவே முக்கியமான மொழிபெயர்ப்பாளராக அவரை நிறுத்தியது அந்தக் குளிர்காலமே.

ஜெர்மானியர் ஸ்கோகாரி பள்ளத்தாக்கில் குடியேறி ஏழு ஊர்களைக் கட்டினர். மோகாக்குகளிடம் தாங்கள் பெற்ற நிலம் என்று அவர்கள் நம்பினர். ஆளுநரோ அதை ஆல்பனி நகரத்துச் செல்வர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். முறையிடும்படி மூத்த வைசர் 1718இல் லண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் கடற்கொள்ளையர் அகப்பட்டதைப் பறித்துக்கொண்டனர். லண்டனில் கடனுக்காகச் சிறைவாசம் கிடைத்தது. வெறுங்கையோடு 1723இல் திரும்பினார். மனமுடைந்த குடும்பங்கள் சில அதே ஆண்டில் சஸ்குவெஹன்னா நதிவழியே பென்சில்வேனியாவின் டல்பஹாக்கன் பகுதிக்கு இறங்கிச் சென்றன. கொன்ராட் 1729இல் தம் மனைவி அன்னா ஏவாளோடும் பிள்ளைகளோடும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். டல்பஹாக்கன் நிலம் லெனாப்பே இனத்தாருடையது. அவர்களிடம் அது விலைக்கு வாங்கப்படவில்லை. அவர்களுடைய தலைவர் சஸ்ஸூனன் 1728இல் பிலடெல்பியாவுக்கு வந்து, எங்கள் நிலத்தில் இவர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்று கேட்டார். 1732இல்தான் அதற்கு விலை கொடுக்கப்பட்டது. ஸ்கோகாரியில் நிலத்தை இழந்து கண்ணீர் வடித்தவர்கள், வேறொருவருடைய நிலத்தில் ஏர் பூட்டினார்கள். 1737இல் பென் குடும்பத்தார், ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் என்ற பழைய பத்திரத்தைக் காட்டி, வேகமாக ஓடக்கூடியவர்களை அமர்த்தி, லெனாப்பே நிலத்தைப் பெருமளவில் அளந்துகொண்டார்கள். 1742இல் இரோகுவாய்த் தலைவர் கனஸ்ஸடேகோ, லெனாப்பேயர் அந்த நிலத்தை விட்டு வெளியேறவேண்டும் என்று கடிந்து பேசியபோது, அதை ஆங்கிலத்தில் எடுத்துரைத்த வாய் கொன்ராட் வைசருடையது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் பாட்டனாரின் சிலுவையை எழுதுவார்கள்; பாட்டனார் பிறர்மேல் வைத்த சிலுவையை எழுதுவோர் சிலரே. தாவீதின் வம்சத்தில் உரியாவின் மனைவியை மறைக்காமல் எழுதிய மத்தேயுவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அவரே உயிர்பெற்றது ஒரு செவ்விந்தியரின் வார்த்தையால். 1737 பிப்ரவரி இறுதியில், இனப்போர் ஒன்றைத் தடுக்கும் தூதுக்காக அவர் ஒனண்டாகாவுக்குப் புறப்பட்டார். ஆழமான பனி, உணவு தீர்ந்துவிட்டது. ஒருநாள் நடக்க இயலாமல், சாவதற்கென்றே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உடன் வந்த ஷிக்கெலமி என்னும் தலைவர் திரும்பிவந்து, சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு, இதுவரை எங்களைத் தேற்றிக்கொண்டு வந்தவர் நீர் அல்லவா, இப்போது சோர்ந்துபோகலாமா என்றார். நல்ல நாட்களைவிடத் தீய நாட்கள் நமக்கு மேலானவை, துன்பப்படுகையில் நாம் பாவத்தைவிட்டு விலகியிருக்கிறோம் என்ற பொருளில் பேசினார். வைசர் வெட்கப்பட்டு எழுந்து நடந்தார். இதை அவரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேதசாஸ்திரப் பட்டம் பெற்ற நாம் எத்தனை மரணப்படுக்கைகளின் அருகே இதைவிடக் குறைவாகப் பேசியிருக்கிறோம்!

இனி ஹாலே. 1706இல் சீகன்பால்க் ஐயரைத் தரங்கம்பாடியில் கரையிறக்கிய அதே பக்தி இயக்கம், ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் என்னும் இளம் போதகரை உருவாக்கிற்று. முதலில் அவரை வங்காளத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தது, அது நிறைவேறவில்லை. 1741இல் ஹாலேயின் பிராங்கே அவரிடம் பென்சில்வேனியாவின் அழைப்பை முன்வைத்தார். 1742 நவம்பரில் பிலடெல்பியாவை அடைந்தார். 1745இல் அவர் மணந்த பெண், கொன்ராட் வைசரின் மகள் அன்னா மரியாள். நமக்கு வந்திருக்கக்கூடிய ஒருவர் அங்கே போய் வைசரின் மருமகனானார். தரங்கம்பாடியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் கடிதங்கள் ஒரே ஹாலேக்குச் சென்று, அங்கேயே அச்சாயின.

மூலன்பெர்க் 1742 முதல் 1787 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. யாருக்கு ஞானஸ்நானம், யாருக்கு அடக்கம், எந்த வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அதில் உண்டு. அவருக்கும் அன்னா மரியாளுக்கும் பிறந்தவர் 11 பேர். வளர்ந்து ஆளானவர் 7 பேர். மக்களில் பீட்டர் படைத்தலைவரானார். பிரெடரிக் 1789இல் அமெரிக்க மக்களவையின் முதல் சபாநாயகரானார். எர்னஸ்ட் போதகராகவே இருந்து, புல்லினங்களை ஆராய்ந்து பெயர்பெற்றார். ஒரு புல்லினம் முழுவதும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புகழ்பெற்ற குடும்பத்தைச் சுற்றிக் கட்டுக்கதையும் படரும். 1776இல் பீட்டர் பிரசங்க பீடத்தில் அங்கியைக் களைந்து உள்ளே அணிந்திருந்த படையுடையைக் காட்டினார் என்று சொல்வர். அது அச்சில் வந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே. பிரெடரிக்கின் ஒரே வாக்கால் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழியாகாமல் போயிற்று என்பர். நடந்தது வேறு. சில சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிடக் கேட்ட ஒரு விண்ணப்பத்தைக் குறித்த நடைமுறை வாக்கெடுப்பு, 1795இல் 42க்கு 41 என்று தோற்றது. அவ்வளவே. வைசரின் மனைவியை மோகாக் பெண் என்று எழுதியவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் அவரை ஃபெக் என்னும் ஜெர்மானியக் குடும்பத்தின் மகளாகக் கண்டறிந்துள்ளனர்.

மூத்த வைசர் 1746இல், எண்பதைக் கடந்த முதியவராக, மகனுடைய வீட்டுக்கு வந்துசேர்ந்து அங்கேயே மரித்தார். யாக்கோபு கோசேனுக்கு வந்ததுபோல என்று நமக்குத் தோன்றும். கொன்ராட் 1760 ஜூலையில் மரித்து, தம் நிலத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். வோமல்ஸ்டார்ஃப் ஊருக்கருகே அந்த இடத்தை இன்றும் காணலாம்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் நான் மறுபடி மறுபடி திரும்பிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. ஊரில் விட்டுவந்த அக்காள் கத்தரீனாளின் பெயரை அவர் மறவாமல் எழுதுகிறார்; அவள் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் எழுதுகிறார். வீடு, வயல், புல்வெளி, திராட்சைத் தோட்டம் எல்லாம் அவளிடம் விடப்பட்டன. அவர்களால் அனுப்ப முடிந்தது 75 குல்டன் மட்டுமே. மீதி 600 குல்டனைத் தகப்பனார் பிறகு பெற்றுக்கொள்வதாக இருந்தது, அது நடக்கவேயில்லை. அந்தக் கணக்கையும் கொன்ராட் எழுதுகிறார். எழுதி, அது இப்போது அவர்களுக்கே கொடையாக விடப்பட்டது என்று முடிக்கிறார்.